கல்லூரிக் கூடைப்பந்து: நவம்பரில் அணியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். இரண்டே வாரத்தில் புது ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: ஒன்று, "இந்த வருஷம் கப் நமக்குத்தான்", இல்லையென்றால், "கோச்சை மாத்துங்கப்பா". பழைய ரசிகர்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். 5-0 என்று தொடங்கினால் துள்ளக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

எதிரணியின் த்ரீ சதவீதத்தை வைத்து டிஃபென்ஸைப் புகழ்வது

த்ரீ என்றால் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் எரிச்சல் இது. "ஐந்து ஆட்டமா எதிரணி 24 சதவீதம்தான் த்ரீ போட்டிருக்கான், என்ன டிஃபென்ஸ்!"

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்துக்கு 22 த்ரீ என்றால் ஐந்து ஆட்டத்தில் 110. தேசிய சராசரி 34 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அப்படியானால் 37 விழுந்திருக்க வேண்டும், விழுந்தது 27. வளையத்தில் பட்டுத் தெறித்த அந்தப் பத்து பந்தால் 30 புள்ளி மிச்சம், ஆட்டத்துக்கு 6. 110 ஷாட்டில் வெறும் அதிர்ஷ்டமே சதவீதத்தை நாலரை புள்ளி ஏற்றும், இறக்கும். முதல் டிவிஷனில் 360-க்கு மேல் அணிகள். அதில் ஆறேழு அணிக்கு இந்த 24 சும்மாவே அமைந்துவிடும்.

புள்ளியியலாளர் கென் பொமராய் பல வருஷமாகச் சொல்வதும் இதைத்தான். த்ரீ விழுவதும் விழாததும் பெரும்பாலும் எறிபவர் பாடு. எத்தனை எறிய விட்டோம் என்பதே டிஃபென்ஸின் பாடு. யாரும் தடுக்க முடியாத ஃப்ரீ த்ரோவை எதிரணி தவறவிட்டால் யாராவது டிஃபென்ஸைப் பாராட்டுகிறோமா?

ஆகவே, எதிரணி எறிந்த மொத்த ஷாட்டில் த்ரீயின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இப்போதெல்லாம் 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் பொதுவான அளவு. அது 32-ல் நின்றால் கோச்சின் திட்டம் வேலை செய்கிறது. 45-ஐத் தாண்டினால், இன்று எதுவும் விழாவிட்டாலும் ஜனவரியில் சொந்தக் குழு அணிகளோடு ஆடும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். (ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் முறையில் ஆடும் அணிக்கு இந்தப் பங்கு இயல்பாகவே கூடும், அதற்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம்.)

காரணத்தைப் பிடிக்க ஆட்டத்தை மறுபடி போட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள். எதிரணியின் பந்தைக் கொண்டுவரும் கார்டு, வளையத்துக்கு அருகே வண்ணம் பூசிய பெயின்ட் பகுதிக்குள் நுழையும்போது, மறுபக்கக் கார்னரைக் காப்பவரின் கால் எங்கே இருக்கிறது? இரண்டு காலும் பெயின்ட்டுக்குள் இருக்கையில் பாஸ் கார்னருக்குப் பறந்தால், அது ஓப்பன் த்ரீ. விழுந்ததா என்று பார்க்காமல் அதை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தோம் என்று பார்ப்பது

வேகமாக ஆடும் அணி அதிகம் கொடுக்கத்தான் செய்யும். பொசஷனால், அதாவது எதிரணி கைக்குப் பந்து வந்த முறைகளால், வகுங்கள். எதிரணி எறிந்த ஷாட்டில் ஆஃபென்ஸிவ் ரீபவுண்டை (தவறிய ஷாட்டை எறிந்த அணியே மீண்டும் பிடித்தது) கழித்து, டர்ன்ஓவரை (ஷாட் எறியாமலே பந்தை இழந்தது) கூட்டி, ஃப்ரீ த்ரோவை 0.475-ஆல் பெருக்கிச் சேர்த்தால் பொசஷன் எண்ணிக்கை வரும். 60 ஷாட், 10 ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 71.5. அதில் 75 புள்ளி கொடுத்திருந்தால் நூறு பொசஷனுக்கு 105.

மூன்று நாளில் சீசனை முடித்துவிடுவது

2024 நவம்பர், ஹவாயில் நடந்த மாவி தொடர். இரண்டு வருஷம் தொடர்ந்து சாம்பியனான கனெக்டிகட், தரவரிசையில் இரண்டாமிடத்தோடு போனது. மெம்ஃபிஸிடம் ஓவர்டைமில் 2 புள்ளியில் தோல்வி, கொலராடோவிடம் 1 புள்ளியில், டேட்டனிடம் 18 புள்ளியில். கதை முடிந்தது என்றார்கள். டிசம்பரிலேயே பேய்லர், டெக்ஸஸ், கொன்சாகா மூன்றையும் வென்றது. அதற்காகப் பழைய கனெக்டிகட் திரும்பிவிடவும் இல்லை: மார்ச்சில் நடக்கும் தேசியச் சாம்பியன் தொடரில் 8-ஆம் சீட் (தொடருக்கான தர இடம்), இரண்டாம் சுற்றில் ஃப்ளோரிடாவிடம் 77-75 தோல்வி. ஒன்று, இரண்டு புள்ளித் தோல்வியில் அணியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து பார்க்க வேண்டியது டேட்டன் ஆட்டம்.

சீசனுக்கு முந்தைய தரவரிசையை நம்புவது

2022-23-ல் முதலிடத்தில் தொடங்கிய வட கரோலினா, மார்ச் தொடரின் 68 அணிகளில் இல்லை.

காசு கொடுத்து வரவழைத்த சிறு கல்லூரியை 30 புள்ளியில் வென்றது

பெஞ்ச் ஆட்டக்காரர்களைப் பார்க்க மட்டும் உதவும்.

"குவாட் 1 வெற்றி" என்று இப்போதே எண்ணுவது

மார்ச் தொடருக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் நெட் தரவரிசைப் பட்டியலில் 30-க்குள் இருக்கும் அணியைச் சொந்த ஊரிலோ, 50-க்குள் இருப்பதைப் பொது மைதானத்திலோ, 75-க்குள் இருப்பதை அதன் ஊரிலோ வென்றால் குவாட் 1, அதாவது உயர்ந்த மதிப்புள்ள வெற்றி. அந்த அணி பிப்ரவரியில் 90-க்குச் சரிந்தால் உங்கள் வெற்றியும் கூடவே இறங்கிவிடும்.