இதய, பெருந்தமனி அறுவை சிகிச்சை ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பது எப்படி?

இதயம் அல்லது பெருந்தமனி அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கைக்கு வந்ததும், பெரும்பாலோர் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டு எந்த முறை சிறந்தது என்ற தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஆய்வு முறை பற்றிய பகுதிக்குச் சென்று, யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள், அந்தக் கணக்கை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி, கட்டுரையின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். இவை தெரியாதவரை அதில் உள்ள எந்தச் சதவீதத்தையும் எடைபோட முடியாது.

முதல் கேள்வியின் முக்கியத்துவம் பெருந்தமனிக் கிழிசலில்தான் நன்றாகப் புலப்படும். இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து ஓடும் நிலையை ஏ வகைக் கிழிசல் என்கிறார்கள். இந்த நோயாளிகளில் கணிசமானோர் அறுவை அரங்கை அடைவதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். ஆகவே, அறுவை செய்துகொண்டவர்களை மட்டும் எண்ணும் கட்டுரை, முதல் சில மணி நேரத்தைத் தாக்குப்பிடித்தவர்களின் கதையைத்தான் சொல்கிறது. நினைவிழந்த நிலையில் வந்தவர்களுக்கு அறுவை வேண்டாம் என்று முடிவெடுக்கும் மருத்துவமனையின் இறப்பு விகிதம், எல்லோரையும் ஏற்கும் மருத்துவமனையின் விகிதத்தைவிடக் குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. எனவே எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு அறுவை மறுக்கப்பட்டது, என்ன காரணத்தால் என்பதைக் காட்டும் படமோ அட்டவணையோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கட்டுரையை நான் எப்போதும் கூடுதல் எச்சரிக்கையுடன்தான் வாசிக்கிறேன்.

அடுத்து, அறுவை நுட்பத்தை விவரிக்கும் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். தலைக்கும் கைகளுக்கும் செல்லும் தமனிகள் பிரியும் பெருந்தமனி வளைவை அகற்றி, அந்த இடத்தில் செயற்கைக் குழாயைப் பொருத்தும்போது ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருப்பதால், மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கிறார்கள். 1975-இல் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் ரான்டல் கிரீப்பும் அவருடைய குழுவினரும் ஆழ்ந்த குளிர்நிலையில் வளைவை மாற்றிய அனுபவத்தை வெளியிட்ட பிறகே இந்த அறுவை நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. பின்னாளில், வலது அக்குள் தமனி போன்ற வழிகளில் மூளைக்கு மட்டும் ரத்தம் செலுத்திக்கொண்டு, உடலை மிதமாகக் குளிர்வித்தால் போதும் என்ற முறை பரவியது. இப்போது 20 டிகிரி வரை குளிர்விப்பதை ஆழ்ந்த குளிர்நிலை என்றும், அதற்கு மேல் 28 டிகிரி வரை மிதமான குளிர்நிலை என்றும் வகுக்கிறார்கள். ஆனால் அந்த வெப்பநிலையை மூக்கின் பின்புறத்தில் அளந்தார்களா, சிறுநீர்ப்பையில் அளந்தார்களா என்று பாருங்கள்; குளிர்விக்கும்போது சிறுநீர்ப்பையில் அளக்கும் வெப்பநிலை பின்தங்கியே இறங்கும் என்பதால், ஒரே 24 டிகிரி இரண்டு கட்டுரைகளில் இரண்டு வேறு நிலைகளைக் குறிக்கலாம். காலத்தையும் கவனியுங்கள். ஆழ்ந்த குளிர்நிலை நோயாளிகள் பழைய ஆண்டுகளிலும், மிதமான குளிர்நிலை நோயாளிகள் அண்மை ஆண்டுகளிலும் குவிந்திருந்தால், இடையில் மேம்பட்ட மயக்கவியல், தீவிர சிகிச்சை, ஒட்டுக்குழாய் ஆகிய அனைத்தின் பலனும் புதிய முறையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி காலக்கெடு பற்றியது. இறப்பு என்று எழுதியிருப்பது 30 நாட்களுக்குள் நிகழ்ந்ததா, மருத்துவமனையை விட்டுச் செல்லும்வரை நிகழ்ந்ததா, இரண்டுமா? நாற்பதாம் நாள் ஐசியுவில் இறந்தவர் முதல் வரையறையின்படி பிழைத்தவராகிவிடுவார். நீண்ட காலக் கணக்குக்கு ஸ்டிச் ஆய்வைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இதயத் தமனி அடைப்புடன், இதயத்தின் வெளியேற்றத் திறன், அதாவது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு, 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 1,212 பேரில், ஒரு பிரிவினருக்கு மருந்துடன் பைபாஸும் மறு பிரிவினருக்கு மருந்து மட்டும் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2011-இல் வெளியான முடிவில் பைபாஸ் பிரிவில் 36 சதவீதமும் மருந்துப் பிரிவில் 41 சதவீதமும் இறந்திருந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாக இருக்கலாம் என்பதை மறுக்கும் வலு புள்ளிவிவரத்துக்கு இல்லை. 2016-இல் வெளியான பத்தாண்டுக் கணக்கில் அது 58.9, 66.1 சதவீதமாகி, பைபாஸின் பலன் தெளிவாயிற்று. தொடக்கத்தில் அறுவையின் ஆபத்தால் பைபாஸ் பிரிவினரே அதிகம் இறந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஓராண்டுடன் நிறுத்தியிருந்தால் நேர்மாறான பாடம் கிடைத்திருக்கும்.

குலுக்கல் முறை ஆய்வுகளிலும், ஒதுக்கப்பட்ட சிகிச்சையையே நோயாளி பெற்றாரா என்று பார்க்க வேண்டும். பைபாஸில் அடைப்பைத் தாண்டும் மாற்றுவழிக்கு மார்பின் உட்புறத் தமனி ஒன்று போதுமா, இரண்டையும் பயன்படுத்த வேண்டுமா என்று 3,102 பேரிடம் ஆராய்ந்த ஆர்ட் ஆய்வில், பத்தாண்டு முடிவில் இறப்பு இரண்டு தமனிப் பிரிவில் 20.3, ஒரு தமனிப் பிரிவில் 21.2 சதவீதம் என ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு தமனிகள் ஒதுக்கப்பட்டவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கு ஒன்றுதான் பொருத்தப்பட்டது. அதை அறியாமல், இரண்டாவது தமனி வீண் என்று முடிவுகட்டுவது தவறு.

சிறிய எண்ணிக்கைகளைக் கண்டால் நீங்களே கணக்குப் போடுங்கள். 30 பேருக்கு அறுவை செய்து ஒருவரும் இறக்கவில்லை என்றால், இறப்பே இல்லாத கணக்குகளுக்கான எளிய புள்ளியியல் விதிப்படி 3-ஐ 30-ஆல் வகுங்கள். உண்மையான இறப்பு விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்க இடமுண்டு என்பதே அதன் பொருள்.

இறப்போடு நின்றுவிடவும் கூடாது. பக்கவாதம் நிரந்தரமானதா, சில நாட்களில் தெளிந்ததா, கால்கள் செயலிழந்தவர்கள் எத்தனை பேர், டயாலிசிஸுடன் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற விவரங்கள்தான் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அன்றாட வாழ்க்கையாகப் போகின்றன. இறப்பு, பக்கவாதம், மீண்டும் மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றை ஒரே எண்ணாகக் கூட்டியிருந்தால், அதைப் பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தேடிப் பிடியுங்கள். மீண்டும் சேர்க்கப்படுவதும் இறப்பதும் எந்தக் குடும்பத்துக்கும் ஒன்றல்ல.

கடைசியாக, காலம் செல்லச் செல்ல எத்தனை சதவீதத்தினர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் உயிர்வாழ்வு வரைகோட்டின் அடியில் அச்சிடப்படும் சிறிய எண்களைப் படியுங்கள். ஒவ்வோர் ஆண்டிலும் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை அவை சொல்லும். வலக்கோடியில் நால்வர்தான் மிஞ்சியிருந்தால், அவர்களில் ஒருவர் இறந்ததும் கோடு 80 சதவீதத்திலிருந்து 60-க்கு ஒரே படியாக இறங்கிவிடும். அந்தப் பகுதியை விரலால் மறைத்துக்கொண்டு, எஞ்சிய கோட்டிலிருந்து மட்டும் முடிவுக்கு வாருங்கள்.