தை முதல் பங்குனி வரை: சின்னப் பள்ளியில் என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே நினைப்புதான்: பாடத்தை முடிக்கணும், பிள்ளைகளை ஆண்டுத் தேர்வுக்குத் தயார் பண்ணணும். நியாயம்தான். ஆனால் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் தை பிறந்து பங்குனி முடிகிற வரைக்கும் உள்ள இந்த மூன்று மாதம்தான் வெளியே போய்ப் படிக்கத் தோதான காலம். கண்மாயில் தண்ணீர் கிடக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இலை உதிர்த்து, தளிர்விட்டு, பூத்துக்கொண்டே வரும். அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கிற நடுநிலைப் பள்ளிக்கு இதில் பெரிய பள்ளிகளுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையையும் "உனக்கு இடமில்லை" என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதனால் கீழே சொல்கிற எல்லாமே ஒரு குறியை வைத்துத்தான்: கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும், "இது நான் செய்தது" என்று ஊர் முன்னால் காட்ட ஒரு வேலை இருக்க வேண்டும்.

முதலில் காலண்டரை எடுத்து, நடக்காத நாள்களை அடித்துவிடுங்கள். தை 1, 2, 3 அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அதற்கப்புறமும் சுற்றுப்பட்டு ஊர்களில் மஞ்சுவிரட்டு, வடமாடு என்று நடந்துகொண்டிருக்கும். மாசியில் சிவராத்திரிக்குப் பாதி வகுப்பு குலதெய்வம் கும்பிடக் கிளம்பிவிடும். பங்குனியில் ஊர்ப் பொங்கல், முளைப்பாரி. இந்த நாள்களில் எதையும் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. வெளியே அழைத்துப் போகிற வேலை எல்லாம் மாசிக்குள் முடியட்டும். பங்குனி வெயிலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாறையில் ஏற்றக் கூடாது.

தையில் பறவைகளோடு தொடங்கலாம், செலவே இல்லை. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவை எது, எத்தனை என்று எழுதினால் போதும், அதைப் பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம். பிள்ளைகள் நோட்டில் எழுதி வரட்டும், ஏற்றுகிற வேலையை ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம். கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான், மீன்கொத்தி, கரிச்சான், தவிட்டுக்குருவி, தேன்சிட்டு என்று நம் கண்மாய்க் கரையிலேயே நிறைய கிடைக்கும். வீட்டில் பாட்டி என்ன பெயர் சொல்கிறாரோ அதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க இதே மாதிரி ஒரு கணக்கெடுப்பு வரும், அப்போது பள்ளி வளாகத்திலேயே மறுபடி எண்ணலாம். தையில் இருந்தது மாசியில் இல்லையே, எங்கே போனது என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். அதற்குப் பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒரு வாரம் ஊறட்டும்.

அடுத்தது மரம். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். ஆளுக்கு ஒரு மரம். பள்ளிக்கூடத்து வேம்பாக இருக்கலாம், மந்தையில் நிற்கிற புளியாக இருக்கலாம், வீட்டுக்குப் பின்னால் உள்ள முருங்கையாகவும் இருக்கலாம். அடையாளத்துக்கு ஒரு கலர் நூலைக் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அதே மரத்தை, அதே கிளையைப் பார்க்க வேண்டும். நோட்டில் ஐந்து கட்டம்: தளிர், முற்றிய இலை, பூ, காய், பழம். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். சின்ன வகுப்புக்காரர்கள் எழுத வேண்டாம், படம் வரையட்டும்.

புங்கை கிடைத்த பிள்ளைக்கு அதிர்ஷ்டம். பழைய இலையைக் கொட்டிவிட்டு மரம் மொட்டையாக நிற்பது சில நாள்தான். அப்புறம் எண்ணெய் தடவினாற்போல மினுமினுக்கிற இளம்பச்சைத் தளிர் மரம் முழுக்க வந்துவிடும். கொஞ்ச நாளில் அந்தத் தளிரிலேயே வெள்ளை வெள்ளையாகத் தடம் விழும். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே இருந்துகொண்டு ஒரு புழு தின்றபடி போன பாதை அது. புழு வளர வளரத் தடமும் அகலமாகும், அதனால் எங்கே தொடங்கி எங்கே முடித்தது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிடலாம். உள்ளங்கை அகல இலை ஒன்றில் ஒரு முழு அறிவியல் வகுப்பு இருக்கிறது. எட்டு வாரக் குறிப்பு சேர்ந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லா நோட்டையும் வாங்கி, எந்த வாரத்தில் எத்தனை வேம்பு பூத்தது என்று சார்ட்டில் பட்டை வரைபடம் போடட்டும். கணக்குப் பாடம் அங்கேயே நடந்துவிடும். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் நாடு முழுக்கப் பள்ளிகள் இப்படித்தான் மரங்களைக் கவனித்துப் பதிவு செய்கின்றன, விருப்பமிருந்தால் உங்கள் பள்ளியும் சேரலாம்.

சரி, சுற்றுலா. வருஷத்துக்கு ஒரே பயணம்தான் முடியும் என்றால் நான் கீழடிக்கு ஓட்டுப் போடுவேன். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான், 2023இல் திறந்த அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் வெறுமனே கூட்டிக்கொண்டு போனால் வரிசையில் நடந்துவிட்டு வந்துவிடுவார்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பே தமிழி எழுத்தை, அதாவது தமிழின் பழங்கால எழுத்து வடிவத்தை, சொல்லிக்கொடுங்கள். கூட்டல் குறி மாதிரி இருப்பது 'க' என்று கரும்பலகையில் போட்டதுமே வகுப்பு துள்ளும். ஆளாளுக்குத் தன் பெயரை அந்த எழுத்தில் எழுதிப் பழகட்டும். அதற்கப்புறம் கீழடியில் கீறல் விழுந்த பானை ஓட்டின் முன்னால் நிற்கும்போது, 'ஆதன்' என்ற பெயரை அவர்களே எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்த ஒரு பெயரை ஆறாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கிறாள், இதைவிட என்ன வேண்டும்? பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளையும் தவறாமல் காட்டுங்கள், பாண்டி விளையாடுகிற பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. திரும்பி வந்ததும் உடைந்த பூந்தொட்டி, மண்சட்டித் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டு, ஆணியால் அவரவர் பெயரைத் தமிழியில் கீறச் சொல்லுங்கள். அதுவே விழாவில் வைக்க ஒரு வேலை.

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் அரிட்டாபட்டி உங்களுக்கு இன்னும் கிட்டே. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். வல்லூறும் ராஜாளியும் வாழ்கிற பாறை மலைகள், சுனைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், தமிழிக் கல்வெட்டு, சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடலாம். காலை ஏழு மணிக்கு ஏறி, பத்துக்குள் இறங்கிவிடுங்கள். மதுரை டவுனுக்குள் இருக்கிற பள்ளிகளுக்குக் காந்தி அருங்காட்சியகமும் நத்தம் ரோட்டிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன.

பயணச் செலவைப் பிள்ளைகளிடம் வசூலிக்காதீர்கள். இருநூறு ரூபாய் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தைக்கு முன்னாலேயே பேசி, முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்களிடம் வண்டிக்கு மட்டும் கேளுங்கள். சாப்பாடு புளியோதரை கட்டிக்கொள்ளலாம். பெற்றோரின் சம்மதக் கடிதம், வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தகவல், கூட வர இரண்டு அம்மாக்கள். இவை மூன்றும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்ட நாள் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு சோதனையில் இறங்கிவிடுங்கள். ஒரு மண்பானை, ஒரு சில்வர் குடம், வெளிப்பக்கம் பெயின்ட் அடித்த இன்னொரு மண்பானை. மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர், மூன்றும் ஒரே நிழலில். காலை பத்திலிருந்து மூன்று மணி வரை ஒரு மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர் வைத்து எழுதணும். பானையின் நுண்துளை வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, பெயின்ட் அந்தத் துளையை அடைத்துவிடுகிறது. நம் ஊர் மாசிக் காற்று வறண்டது, அதனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மனத்திறன் 90 கேள்வி, பாடப்பகுதி 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நிற்காமல் போவதற்கு இந்தப் பணம் போதுமான காரணமாக இருக்கும். கடைசி இரண்டு மாதம் திணிப்பதைவிட, ஆறாம் வகுப்பிலிருந்தே கரும்பலகையின் ஒரு மூலையில் தினம் இரண்டு மனத்திறன் கணக்கு போட்டு வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் யாராவது விடை எழுதியிருப்பார்கள்.

இனி ஆண்டு விழா. மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டும் என்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் வைக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பேச்சு பத்து நிமிடம். மீதி நேரம் பிள்ளைகளுக்கு. வராந்தாவில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மர நோட்டு, பறவைப் பட்டியல், பெயர் கீறிய ஓடு, பானைச் சோதனை என்று அவரவர் வேலைக்குப் பக்கத்தில் அவரவரே நின்று, கேட்கிறவர்களுக்கு விளக்கட்டும். மேடையில் பேச வராத பிள்ளைகூட தன் அத்தையிடம், சித்தப்பாவிடம் நன்றாகவே பேசும்.

சான்றிதழில் 'சிறந்த மாணவர்' என்று பொதுவாக அச்சடித்து நீட்டாதீர்கள். என்ன செய்தாரோ அதை எழுதுங்கள்: "எட்டு வாரம் ஒரு வாரம்கூட விடாமல் புளியமரத்தைப் பதிவு செய்தார்", "நூலகத்திலிருந்து இருபது கதைப் புத்தகம் படித்தார்", "என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினார்". ஆமாம், எழுதியதே சாதனைதான். தேர்ச்சி பெற்றவரை மட்டும் மேடையேற்றினால் அடுத்த வருஷம் பாதிப் பேர் விண்ணப்பமே போட மாட்டார்கள். அறுபது பேருக்கும் கையால் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வகுப்பாசிரியருக்கு எழுத ஒன்றும் தோன்றாத பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பிள்ளையை விழாவுக்கு மூன்று வாரம் முன்பே கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள். மைக் செட் பொறுப்பு, செடிக்குத் தண்ணீர், ஊர்ப் பெரியவரிடம் கண்மாயின் மடை, கலுங்கு பற்றிக் கேட்டு எழுதுவது, ஏதாவது ஒன்று. பரிசுக்குப் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், மெல்லிய கதைப் புத்தகம் அதே விலைக்குக் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மரக் குறிப்பு நோட்டுகளை விழா முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாமல் மரவாரியாகக் கட்டி, வருஷம் எழுதி, பீரோவில் வையுங்கள். அடுத்த வருஷம் அதே வேம்பை எடுத்துக்கொள்கிற பிள்ளை, போன வருஷம் எந்த வாரம் பூத்தது என்று பார்த்து ஒப்பிடலாம். எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழோடு அவர்கள் செய்த வேலைகளின் நகலையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுங்கள். புதுப் பள்ளியில் சேரும் அன்று அதையும் எடுத்துப் போய்க் காட்டச் சொல்லுங்கள்.