வேறு கம்பெனி மை போட முதல் அப்டேட்டை நிறுத்துங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மலிவாக வாங்கிய வேறு கம்பெனி காட்ரிட்ஜை மாட்ட முதல், பிரிண்டர் செட்டிங்ஸில் தானாக அப்டேட் ஆகிறதை நிறுத்திவிடுங்கள், வைஃபையையும் எடுத்துவிட்டு யூஎஸ்பி வயரில் ஓட்டினால் இன்னும் நல்லது. மையில் பிழை இல்லை. காட்ரிட்ஜின் ஓரத்தில் செப்புப் புள்ளிகளோடு ஒட்டியிருக்கிற சின்னச் சிப்பைத்தான் பிரிண்டர் வாசிக்கிறது, நேற்றுவரை ஏற்றுக்கொண்ட அதே சிப்பை அப்டேட் வந்த பிறகு வேண்டாம் என்று தள்ளிவிடும். 2016 செப்டெம்பரில் ஹெச்பியின் பல பிரிண்டர்கள் ஒரே நேரத்தில் இப்படி மறுத்தன. கொமினிகேஷன் கடைக்காரர்கள் தவணைப் பரீட்சைக்கு முதலே பார்த்துவைப்பது புத்தி.

ஹெச்பி பிளஸ் என்கிற ஹெச்பியின் திட்டத்தில் பதிந்த பிரிண்டருக்கு இது சரிவராது, அதற்கு இணையமும் வேண்டும், கம்பெனிக் காட்ரிட்ஜும் வேண்டும். ஏற்கெனவே அப்டேட் ஏறிவிட்டதா? அப்போ புதுச் சிப் உள்ள காட்ரிட்ஜ்தான் தேட வேண்டும்.