மூலிகை நச்சியல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலிகை ஆய்வேடுகளில் ‘கல்லீரலைக் காக்கிறது’ என்ற முடிவைப் போல எளிதாகக் கிடைப்பது வேறில்லை. எலிகளுக்கு ஒரு வாரம் தாவரச் சாற்றைக் கொடுத்து, பின்னர் பாராசிட்டமாலை மிகையளவில் செலுத்துகிறார்கள்; கல்லீரல் சிதையும்போது ரத்தத்தில் கசியும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி அதிகம் ஏறாவிட்டால் மூலிகை வென்றதாக எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் கல்லீரலைச் சிதைப்பது பாராசிட்டமால் அன்று. அதில் ஒரு சிறு பகுதியை, கல்லீரலில் மருந்துகளை மாற்றிக் கழிக்க உதவும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் ‘நாப்கி’ என்ற நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. அதை முறியடிக்கும், உடலிலேயே உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் பெருமளவு தீர்ந்த பிறகே உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன. முன்கூட்டியே கொடுத்த சாறு அந்த நொதிகளைத் தடுத்திருந்தால் நஞ்சே போதிய அளவில் உருவாகியிருக்காது. மாத்திரைகளை விழுங்கிப் பல மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வருபவருக்கு இத்தகைய பாதுகாப்பினால் பெரும் பயனில்லை. அதே தடுப்பு, அவர் உண்ணும் பிற மருந்துகளை உடலில் தேங்கச் செய்து தீங்கையும் விளைவிக்கலாம். எனவே நஞ்சூட்டிய பின் சாறு பெறும் குழு ஒன்று கட்டாயம் வேண்டும். நஞ்சூட்டிய தொடக்க நேரத்திலேயே குளூட்டாதயோன் குறைந்ததா என்றும் அளந்து பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு எலியைவிடச் சுண்டெலியே ஏற்றது, ஏனெனில் எலி பாராசிட்டமாலை நன்றாகவே தாங்கிக்கொள்ளும்.

கரைப்பானையும் மறந்துவிடுகிறார்கள். நீரில் கரையாத சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரிமக் கரைப்பானில் கரைப்பவர்கள் உண்டு. அந்தத் திரவமே மேற்சொன்ன நொதிகளைத் தடுக்கக்கூடியது என்பதால், கரைப்பான் மட்டும் பெற்ற குழு இல்லாத ஆய்வில் நன்மை எதனால் வந்தது என்று சொல்ல வழியில்லை. மக்கள் கஷாயமாகக் குடிப்பதை மெத்தனாலில் பிரித்தெடுத்துச் சோதித்துவிட்டு, மரபு வழக்கு மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதுவதும் பொருந்தாது.

நச்சுத்தன்மை பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: கிலோ உடல் எடைக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் 14 நாட்களில் எந்த விலங்கும் இறக்கவில்லை, ஆகவே பாதுகாப்பானது. அந்தச் சோதனை சொல்வது உடனடி மரணத்தைப் பற்றி மட்டுமே. நாள்தோறும் உண்ணும் மருந்துக்கு 28 நாள், 90 நாள் சோதனைகளும் மரபணு நச்சுச் சோதனைகளும் தனியே தேவை.

இதற்குப் பெல்ஜியம் பெரும் விலை கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சிகிச்சை பெற்ற பெண்களின் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, சீனப் பெயரில் நெருங்கிய அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வேர் மருந்தில் கலந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. 14 நாள் சோதனை எதுவும் இதைக் காட்டியிருக்காது. அந்த வேரில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது 1980களிலேயே தெரிந்திருந்தும், மருந்தில் இருந்தது எந்த வேர் என்பது நோயாளிகள் பாதிக்கப்பட்ட பிறகே வெளிப்பட்டது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியைக் கொண்டு ஆய்வைத் தொடங்குவோர் முதலில் தாவரவியலாளரிடம் முழுச் செடியைக் காட்டி, அதன் உலர்மாதிரியை எண்ணிட்டு உலர்தாவரகத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கொள்முதலையும், சாற்றின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் மென்படல வண்ணப்படிவுப் பிரிகையில் (டி.எல்.சி.) அந்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.