ஃபேன்டசி கோல்ஃப்: வெள்ளிக்கிழமை ‘கட்’டைத் தாண்டும் அணியை எடுப்பது எப்படி

நிஜப் போட்டியில் ஆடுபவர்களைக் கொண்டு நாம் ஓர் அணி எடுத்து, அவர்களின் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி சேர்ப்பதுதான் ஃபேன்டசி கோல்ஃப். அதில் பாதி ஆட்டம் வெள்ளிக்கிழமை மாலையிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் வழக்கமான போட்டி வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு சுற்று, மொத்தம் 72 ஹோல் (குழி). இரண்டு சுற்று முடிந்ததும் ‘கட்’ விழும். முதல் 65 இடங்களும் அந்த 65-ஆவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடுவார்கள். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். உங்கள் ஆறு பேரில் மூவர் அப்படிப் போய்விட்டால், மீதி மூவர் என்னதான் அடித்து ஆடினாலும் அந்த வாரம் தேறாது.

ஒரு சின்னக் கணக்கு. ‘கட்’டைத் தாண்ட ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரும் ஒன்றாகத் தாண்டும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம்தான். வாய்ப்பு 60 சதவீதமாக இறங்கினால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதனால் அணி எடுக்கும்போது ‘இவர் ஜெயிப்பாரா’ என்பதற்கு முன்னால் ‘இவர் சனிக்கிழமை ஆடுவாரா’ என்று கேளுங்கள்.

கட் விதி எல்லாப் போட்டிக்கும் ஒன்றல்ல. ‘மேஜர்’ எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில், மாஸ்டர்ஸில் முதல் 50 இடங்கள், யூஎஸ் ஓப்பனில் 60, பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் தி ஓப்பனிலும் 70. எல்லாவற்றிலும் சமநிலையில் உள்ளவர்களும் சேர்த்தி. தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டி மூன்று மைதானங்களில் நடப்பதால் அங்கே 54 ஹோலுக்குப் பிறகுதான் கட். பெரிய பரிசுத்தொகை கொண்ட சிக்னேச்சர் போட்டிகளில் சிலவற்றில் ‘கட்’டே கிடையாது. அந்த வாரங்களில் விலை குறைந்த, ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஆட்டக்காரரைத் தைரியமாக எடுக்கலாம். முதல் நாள் சொதப்பினாலும் நான்கு சுற்றுக்கும் புள்ளி சேரும்.

அணிக்கு முன் விதிப்பக்கம்

லீக்குகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வாரா வாரம் சம்பள வரம்புக்குள் ஆறு பேரை எடுப்பது: ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு விலை இருக்கும், ஆறு பேரின் மொத்த விலை வரம்பைத் தாண்டக் கூடாது. இன்னொன்று ‘ஒன் அண்ட் டன்’: வாரத்துக்கு ஒரே ஒருவர், ஒருமுறை எடுத்தவரை அந்த சீசன் முழுக்கத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டுக்கும் யோசிக்க வேண்டிய விதமே வேறு.

சம்பள வரம்பு வகையில் புள்ளி முறையை முதலில் பாருங்கள். ஒரு ஹோலுக்கு வகுத்திருக்கும் ஸ்ட்ரோக் (பந்தை அடிப்பது) எண்ணிக்கைதான் பார்; அதைவிட ஒன்று குறைந்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. டிராஃப்ட்கிங்ஸ் என்ற ஃபேன்டசி தளத்தின் முறையில் பர்டிக்கு 3, ஈகிளுக்கு 8, பாருக்கு 0.5, போகிக்கு மைனஸ் 0.5, டபுள் போகிக்கு மைனஸ் 1. ஒருவர் 18 ஹோலிலும் பார் எடுத்தால் 9 புள்ளி, போகியே இல்லாத சுற்றுக்கான போனஸ் 3 சேர்த்து 12. இன்னொருவர் 3 பர்டி, 3 போகி, 12 பார் எடுத்தால் 9-லிருந்து 1.5 கழித்து 6 கூட்டி 13.5 புள்ளி. கோல்ஃப் ஸ்கோர் இருவருக்கும் ஒன்றுதான், ஃபேன்டசியில் இடைவெளி 1.5. தட்டுத்தடுமாறினாலும் பர்டி அடிப்பவருக்கே இந்த முறையில் மதிப்பு. உங்கள் லீக் பாருக்குக் கீழ் எத்தனை என்பதை மட்டும் எண்ணினால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிதானமாக ஆடுபவரும் அதே விலை பெறுவார்.

பணத்தைப் பங்கிடுவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 50,000 டாலர் வரம்பில் ஆறு பேர் என்றால் சராசரி 8,333. 11,000-க்கு ஒரு நட்சத்திரத்தை எடுத்தால் மீதி ஐவருக்கும் தலைக்கு 7,800 கிடைக்கும், பரவாயில்லை. 11,000-க்கு இரண்டு பேர் என்றால் மீதி நால்வருக்குத் தலைக்கு 7,000தான். அந்த விலையில் இருப்பவர்கள்தான் வெள்ளிக்கிழமை கழன்றுகொள்வார்கள். ஆடுவோர் எண்ணிக்கை குறைந்த, கட் இல்லாத போட்டியைத் தவிர மற்ற வாரங்களில் இரட்டை நட்சத்திர அணி அரிதாகவே பலன் தரும்.

எந்த எண்ணை நம்புவது

உலகத் தரவரிசை, போன வார இடம் இரண்டும் பாதிக் கதைதான். ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ எண்ணைப் பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய முறை இது. பிஜிஏ டூர் 2011-இல் புட்டிங்கிலிருந்து (குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனில் பந்தை உருட்டுவது) தொடங்கியது. அடிப்படை எளிது. 8 அடி தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்றை உள்ளே போடுகிறார்கள், அதாவது சராசரி 1.5 ஸ்ட்ரோக். அங்கிருந்து ஒரே ஸ்ட்ரோக்கில் போட்டவருக்கு 0.5 லாபம், இரண்டு ஸ்ட்ரோக் எடுத்தவருக்கு 0.5 நஷ்டம். இப்படியே டீ ஷாட் (ஹோலின் முதல் ஸ்ட்ரோக்), அப்ரோச் (கிரீனை நோக்கி அடிப்பது), கிரீனைச் சுற்றிய ஆட்டம், புட்டிங் என்று நான்கு பிரிவாகக் கூட்டுவார்கள்.

இதில் அதிகம் ஏறி இறங்கும் எண் புட்டிங். ஒரு வாரம் எல்லாம் உள்ளே விழும், அடுத்த வாரம் விளிம்பைத் தொட்டு வெளியே வரும். அப்ரோச்சும் டீ ஷாட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. எனவே போன வாரம் மூன்றாம் இடம் பிடித்தவர் முழுக்கப் புட்டிங்கால் வந்திருந்தால் அவரை விட்டுவிடுங்கள், விலையும் ஏறியிருக்கும். அப்ரோச்சில் நன்றாக இருந்தும் புட்டிங் கைவிட்டதால் நாற்பதாம் இடத்தில் முடித்தவரைத் தேடுங்கள். ஒரு போட்டியின் எண் போதாது. குறைந்தது 24 சுற்றாவது சேர்த்துப் பாருங்கள்.

பிறகு மைதானம். ஹார்பர் டவுன் குறுகலானது, கிரீன்கள் சிறியவை. தூரம் அடிப்பவருக்கு அங்கே பெரிய அனுகூலம் இல்லை, துல்லியமான அப்ரோச்தான் வேண்டும். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனலில் 2, 8, 13, 15 என்று நான்கு பார் 5 ஹோல்கள்; நான்கு நாளில் பர்டிக்கு 16 வாய்ப்பு. அங்கே அனுபவத்துக்கும் தனி மதிப்பு உண்டு: முதல் முயற்சியிலேயே மாஸ்டர்ஸ் வென்ற கடைசி ஆள் 1979-இல் ஃபசி செல்லர். ஆனால் ‘இந்த மைதானம் இவருக்கு ராசி’ என்பதை அளவோடு நம்புங்கள். குவைல் ஹாலோவில் 2010, 2015, 2021, 2024 என நான்கு முறை வென்ற ரோரி மெக்ல்ராய் மாதிரி நீண்ட சான்று இருந்தால் சரி. இரண்டு வருடம் நன்றாக ஆடியதெல்லாம் சான்றல்ல.

வாரத்தின் ஓட்டம்

திங்களன்று ஆடுவோர் பட்டியலைப் பார்த்து, எண்களை வைத்து இருபது பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். டீ டைம் (ஒவ்வொருவரும் ஆடத் தொடங்கும் நேரம்) வந்ததும் யார் காலை, யார் மதியம் என்று பிரியுங்கள். வியாழன் காலை ஆடுபவர் வெள்ளி மதியம் ஆடுவார். மற்ற பாதிக்குத் தலைகீழ். மதியக் காற்று பலமாக அடிக்கும் நாளில் ஒரு பாதிக்கு இரண்டு மூன்று ஸ்ட்ரோக் வரை கூடுதலாகப் போகலாம். தி ஓப்பனில் இது இன்னும் முக்கியம். எல்லோரும் முதல் ஹோலிலிருந்தே தொடங்குவதால் முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் கிட்டத்தட்ட பத்து மணி நேர இடைவெளி. மணிவாரியான காற்று முன்னறிவிப்பை புதன் இரவு பாருங்கள். வித்தியாசம் அற்பமாக இருந்தால் அணியைக் கலைக்காதீர்கள்.

முதல் குழு ஆடத் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் விலகியவர்கள் பட்டியலைப் பார்ப்பது கட்டாயம். முதுகுவலி, மணிக்கட்டுவலி என்று கடைசி நிமிடத்தில் விலகுவது கோல்ஃபில் சாதாரணம். அணி பூட்டப்பட்ட பிறகு விலகினால் அந்த இடம் பூஜ்யம்.

ஒன் அண்ட் டன் லீக்கில்

இங்கே பெரும்பாலும் பரிசுப் பணமே புள்ளி. வழக்கமான போட்டியில் வென்றவருக்கு மொத்தத் தொகையில் 18 சதவீதம், இரண்டாமவருக்கு 10.9, மூன்றாமவருக்கு 6.9. இரண்டாம் இடத்தை இருவர் பகிர்ந்தால் இரண்டு, மூன்று இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஆளுக்கு 8.9. முதலிடத்துக்கும் மற்றவற்றுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால், எப்போதும் பத்தாம் இடத்தில் முடிப்பவரைவிட ஜெயிக்கக்கூடியவரே இங்கே மேல்.

சீசன் தொடங்கும் முன் நாட்காட்டியை எடுத்து, அதிகப் பணம் தரும் பத்துப் போட்டிகளைக் குறியுங்கள். 2025 மாஸ்டர்ஸ் வென்ற மெக்ல்ராய்க்கு 42 லட்சம் டாலர், அதே ஆண்டு யூஎஸ் ஓப்பன் வென்ற ஜே.ஜே. ஸ்பானுக்கு 43 லட்சம். அந்தப் பத்துக்கும் முதலில் பெயர் எழுதிவிட்டு, மீதி வாரங்களை மீதிப் பேரால் நிரப்புங்கள். ஸ்காட்டி ஷெஃப்லர் போன்ற நட்சத்திரத்தை ஜனவரியில் சின்னப் போட்டியில் செலவழிப்பதுதான் இந்த லீக்கின் வழக்கமான விபத்து. இன்னொரு பக்கம், 2025-இல் பிஜிஏ டூருக்குப் போட்டித் தொடரான லிவ் கோல்ஃபில் ஆடிய ஜான் ராம், பிரைசன் டிஷாம்போ போன்றவர்கள் பிஜிஏ டூர் லீக் ஆடுபவர்களுக்கு மேஜர்களில் மட்டும்தான் கிடைத்தார்கள். அப்படிப்பட்டவர்களை மேஜரில் எடுத்தால் வேறு எந்த வாரமும் வீணாகாது.

அமெச்சூர்களைத் தொடவே வேண்டாம். 2024 ஜனவரியில் தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியை வென்ற நிக் டன்லப் அப்போது கல்லூரி மாணவர், அமெச்சூர். பரிசுப் பணம் வாங்க முடியாது. முதல் பரிசான 15 லட்சத்துச் சொச்சம் டாலர் இரண்டாம் இடம் வந்த கிறிஸ்டியான் பெசாய்டென்ஹவுட்டுக்குப் போனது. பணக் கணக்கு லீக்கில் டன்லப்பை எடுத்தவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

சீசன் கடைசியில் நீங்கள் முன்னணியில் இருந்தால் எல்லோரும் எடுக்கும் ஆளையே எடுத்து இடைவெளியைக் காப்பாற்றுங்கள். பின்தங்கி இருந்தால் யாரும் தொடாத ஆள்தான் ஒரே வழி. சமநிலை முறிக்க வென்றவரின் ஸ்கோரை ஊகிக்கச் சொல்லும் லீக்குகளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், மைதானத்தைப் பார்த்து எழுதுங்கள்: 2025 மாஸ்டர்ஸ் மைனஸ் 11-இல் (பாருக்குக் கீழ் 11) முடிந்தது, இரண்டு மாதம் கழித்து ஓக்மான்ட்டில் யூஎஸ் ஓப்பன் மைனஸ் 1-இல்.