மேசைக் கதை விளையாட்டுக்கு இசை தேர்ந்தெடுப்பது எப்படி

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் அயல் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளைக் கூட்டி ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ நடத்துகிறேன். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் மந்திரவாதியாகவும் வாள்வீரராகவும் பேசிப் பகடை உருட்டுவார்கள். கதை நடத்தப் பழகும் தம்பி தங்கைகள் இசையைப் பற்றி நிறையக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

பாட்டு வேண்டாம். பாட்டின் சொற்கள் உங்கள் சொற்களோடு மோதும். தெரிந்த சினிமா மெட்டைப் புல்லாங்குழலில் வாசித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் மனதில் அந்தக் கதாநாயகன் வந்து நிற்பான், நீங்கள் விவரித்த குகை மறைந்துபோகும்.

காட்சி எங்கே நடக்கிறது என்று பார்த்து இசை தேடாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். அதே காட்டில் வழி தேடுபவருக்கு ஓர் இசை, ஒளிந்திருப்பவருக்கு இன்னோர் இசை. வழி தேடும் காட்சிக்கு வீணை அல்லது வயலின் ஆலாபனை நல்லது. தாளக்கட்டு இல்லாததால் யாரையும் அவசரப்படுத்தாது. துயரத்துக்கு முகாரி, சுபபந்துவராளி ராகங்கள். பாழடைந்த கோட்டைக்குத் தம்புரா சுருதி மட்டும் போதும். திரும்பத் திரும்ப ஓடினாலும் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.

அரசன் சபைக்கு வரும்போது மல்லாரி. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பது என்பதால், கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அரக்கனின் வருகைக்கு அதை நான் ஒருபோதும் போடமாட்டேன்.

சண்டைக்கு மிருதங்கமும் கடமும் மட்டும் சேர்ந்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. அதில் குறைப்பு என்ற கட்டத்தில் இருவரும் மாறி மாறி வாசிக்கும் பகுதி சுருங்கிக்கொண்டே வரும். வாளும் கேடயமும் நெருங்குவதை அப்படியே காதில் கேட்கலாம்.

நமக்கென்று தப்பு என்ற தோல் மேளம் இருக்கிறது. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மாசியில் காமன் கூத்து பார்த்தும், பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது) தப்படித்து ஆள் கூப்பிட்ட காலத்தைத் தாத்தாமார் சொல்லக் கேட்டும் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். திருவிழா அடி எது, சாவு அடி எது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெற்றி ஊர்வலத்தில் சாவு அடி ஒலித்தால் மேசையே இறுகிவிடும். அதே அடியை, ஊருக்குள் நுழையும் வீரர்கள் தூரத்தில் கேட்பதாக வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமலே அங்கே யாரோ இறந்துவிட்டார் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அண்மையில் யாராவது ஒருவர் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அதைத் தொடவே கூடாது.

தப்பொலியைத் தோட்டத்துக் கலைஞரிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். அனுமதியும் கேளுங்கள், கூலியும் கொடுங்கள். நம் குளிரில் தோல் தொய்ந்துவிடும். அவர் நெருப்பில் காய்ச்சி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். கைபேசியை முற்றத்தின் மறு கோடியில் வையுங்கள், கிட்ட வைத்தால் ஒலி உடைந்துவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் தகரக் கூரையில் கொட்டும்போது எந்த ஸ்பீக்கரும் அதோடு போட்டியிட முடியாது. இசையை நிறுத்திவிட்டுக் கதையிலும் மழையைக் கொண்டுவாருங்கள். மற்ற நாட்களில், மேசையில் மிக மெதுவாகப் பேசும் பிள்ளை குரலை உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்க வேண்டும்; ஒலியளவு அதற்கு மேல் போகக்கூடாது.

இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, விழுந்து கிடக்கும் வீரருக்காக இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி. மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். அந்த நேரத்தில் எல்லா இசையையும் அணைத்துவிடுங்கள். பகடை மரத்தில் உருளும் சத்தம் மட்டும் கேட்கட்டும்.

தோட்டத்தில் சிக்னலை நம்ப முடியாது. முதல் நாளே எல்லாவற்றையும் கைபேசியில் இறக்கி, காட்சியின் பெயரிலேயே சேமித்து வையுங்கள். விளம்பரம் குறுக்கிடும் செயலி எதுவும் வேண்டாம்.