எலி மாறும் ஒட்டுண்ணி: எங்கே தவறுகிறோம்?

காலபோக அறுவடை முடிய, வரம்பில் வளை தோண்டியிருந்த அகழானும் வயல் எலியும் நெல்லு மூட்டை கிடக்கும் வீட்டுப் பக்கம் வரும். வீட்டு எலி அங்கே முன்பே இருக்கிறது. ஒன்றின் தெள்ளு மற்றதில் ஏறும். உடனே "ஒட்டுண்ணி விருந்துவழங்கியை (தான் தங்கி வாழும் விலங்கை) மாற்றிவிட்டது" என்று எழுதிவிடுகிறோம். ஏறியது சரி; அங்கே பெருகி, அந்த எலி இனத்துக்குள்ளேயே தலைமுறையாகப் பரவினால்தான் அது மாற்றம். எலியின் நுரையீரல் நாடியில் வாழும் புழுவொன்று நத்தை வழியாக மனிதருக்கும் வந்து மூளையைத் தாக்குகிறது. ஆனால் மனிதரிடமிருந்து அது வேறெங்கும் பரவாது. எத்தனை பேருக்கு வந்தாலும் எலிதான் அதன் விருந்துவழங்கி.

"புது எலிக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது" என்பதும் தவறு. புழுவோ பேனோ எதையும் திட்டமிடுவதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த வேறுபாடுகளில் புது உடலுக்குப் பொருந்தியது மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

பேனையும் தெள்ளையும் ஒரே கணக்கில் போடக்கூடாது. வட அமெரிக்காவில் மண்ணுக்குள் தனித்து வாழும் கோபர் என்ற விலங்கையும் அதன் பேனையும் ஒப்பிட்டு 1988இல் வந்த ஆய்வு பிரபலமானது: கோபர் இனம் பிரியப் பிரியப் பேனும் பெரும்பாலும் கூடவே பிரிந்திருக்கிறது. பேன் முட்டை முதல் முதிர்ச்சி வரை உடலிலேயே வாழ்கிறது. தாவ வாய்ப்புக் குறைவு. தெள்ளின் புழுப்பருவமோ வளைக் குப்பையில் கழிகிறது. அகழான் விட்டுப்போன வளைக்குள் யார் புகுந்தாலும் தெள்ளு அவருக்குத்தான். இன்னொன்று: விலங்கினதும் ஒட்டுண்ணியினதும் மரபு மரங்கள் (எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வரைபடங்கள்) ஒத்திருந்தால் மட்டும் கூடவே பிரிந்தவை என்று முடிவெடுக்க முடியாது. நெருங்கிய உறவுள்ள இனங்களுக்குப் பின்னாளில் தாவியிருந்தாலும் மரம் அப்படித்தான் தெரியும். பிரிந்த காலமும் பொருந்த வேண்டும்.

நாளாக நாளாக ஒட்டுண்ணி சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. இந்து சமுத்திரத்தில் உள்ள கிறிஸ்மஸ் தீவுக்கு 1899இல் கப்பலில் வந்த கறுப்பு எலிகளோடு, தெள்ளு பரப்பும் டிரிபனோசோம் என்ற இரத்த ஒட்டுண்ணியும் வந்தது. கறுப்பு எலிக்கு அதனால் பெரிய கேடில்லை. தீவுக்கே உரிய இரண்டு எலி இனங்களோ 1908க்குள் அடியோடு அழிந்தன. அருங்காட்சியகத்தில் இருந்த அந்த எலிகளின் டிஎன்ஏயை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, அந்த ஒட்டுண்ணி மீதான சந்தேகத்தை வலுவாக்கியது. பழைய எலியில் சாதுவாக இருந்தது புது எலியிலும் அப்படியே இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

மூஞ்சூறை எலிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது கொறிக்கும் விலங்கே அல்ல. எலிக்காய்ச்சலைத் தருவதும் புழுவல்ல, பற்றீரியா. அப்புறம், பொறியில் விழுந்த எலிகளை ஒரே பையில் போடுகிறவர்கள் உண்டு. செத்த உடல் குளிர்ந்ததும் தெள்ளு இறங்கி அடுத்ததில் ஏறிவிடும். பிடித்த உடனேயே ஒவ்வொன்றையும் தனிப் பையில் கட்டி, இனத்தையும் பிடித்த இடத்தையும் பையிலேயே எழுதிவிடுங்கள்.